கைப்பிடி இல்லாத கோப்பை

கல்லிடுக்கிலிருந்து மீனின் ஊதாத் தலை மட்டும் தெரிகிறது, கத்தரிப்பூ நிறம், மஞ்சள் பின்பாதி உள்ளேயே கிடக்கிறது, யாராவது கண்ணாடியைத் தட்டினால் தலையும் போய்விடும், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இல்லை, இருந்தேன், இப்போது தொட்டியில் கல்லே இல்லை, பல் டாக்டரின் மனைவி பாரிஜாதம் மேடம் எடுக்கச் சொல்லிவிட்டாள், தூத்துக்குடியில் இப்படி ஒரு மீன் யாரிடமும் இல்லையாம், வர்றவங்க பாக்கத்தானே வாங்கிப் போட்டிருக்கு, அது என்ன உன்ன மாதிரியே மூஞ்சியக் காட்டமாட்டேங்குது, என்று ரிசப்ஷனில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒளிய இடம் இல்லேன்னா செத்துரும் மேடம் என்றேன், நான் விலங்கியல் படித்தவள், எங்கள் வீட்டின் முதல் பட்டம், படிச்சிட்டா போதுமே உங்களுக்கெல்லாம் என்றாள், அந்த உங்களுக்கெல்லாம் என்னவென்று எனக்குத் தெரியும், சேர்ந்த அன்றைக்கே தெரியும், எல்லோருக்கும் வெள்ளைக் கோப்பை, எனக்கு மட்டும் கைப்பிடி உடைந்த பச்சைக் கோப்பை, ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும், டீ ஊற்றும் செல்லக்கிளி அக்கா என் முகத்தைப் பார்க்கமாட்டாள், கோவிச்சுக்கிடாதட்டி, மேடம் சொன்னது, சூடு விரலைச் சுடும், வாயைத் திறக்காமல் குடித்தேன், உள்ளே டாக்டர் ஒவ்வொருவரிடமும் வாயத் தொறங்க, நல்லாத் தொறங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பார், கனவில் நான் தொட்டிக்குள் நிற்கிறேன், ஊரே கண்ணாடியைத் தட்டுகிறது, எந்தத் தெரு, யாரு வீட்டுப் புள்ள, குமிழ் குமிழாகக் கேட்கிறது, விழித்து வேலைக்குப் போனால் மீன் மூலையில் வெளுத்துச் சாய்ந்திருக்கிறது, இரையைத் தொடவில்லை, நான் ஏன் அதைச் சாகவிட வேண்டும், போனேன், பச்சைக் கோப்பையை எடுத்தேன், உப்புத் தண்ணீரில் அலசினேன், காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்கத் தொட்டிக்குள் படுக்கவைத்தேன்.

ஏட்டி உன் கப்பு எங்க, என்று டீக்கெட்டிலோடு நிற்கிறாள் செல்லக்கிளி அக்கா, பின்னாலேயே மேடம், அந்தக் கருமத்த எதுக்கு அதுல போட்ட, எடு வெளிய, கன்னம் வீங்கிய ஒருவர் குறுக்கே பேசுகிறார், இருக்கட்டும்மா, மீனு குடிபோயிருச்சு, யாரு கப்பு அது, என் கப்பு சார், என்றேன், நான் தொட்டத வேற யாரும் தொடக்கூடாதுன்னு மேடம் தனியா வச்ச கப்பு, கத்தித்தான் சொன்னேன், உள்ளே பல் குடையும் மிஷின் நின்றது, செல்லக்கிளி அக்கா வெள்ளைக் கோப்பை ஒன்றில் டீ ஊற்றி என் மேசையில் வைத்தாள், நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, இருக்காமல் போகட்டும், மேடம் தொட்டிக்குள் கையை விடுகிறாள், உடைந்த கோப்பைக்குள்ளிருந்து ஊதாத் தலை வருகிறது, இந்த மீனுக்கு வீடு என்று ஒன்று கிடைத்தால்தான் கோபம் வரும், அது உள்ளே போகவில்லை, அவள் விரலுக்கு நேராகத் திரும்பி, தன் தலையளவுக்கு, வாயைத் திறக்கிறது.