பதினேழாவது குழாய்

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு சிவப்பாகவும் நீலமாகவும் பிரிந்து நிற்கிறது, குழாயின் கழுத்தில் மாட்டிய செம்புச் சுருளை இரண்டு விரலால் நூலளவு திருப்புகிறாள், பிரிந்தவை நெருங்கி நெருங்கி ஒன்றாகி வெள்ளையாகின்றன, பாஸ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பூங்காவனம் அடுத்ததை எடுக்கப் போகிறாள், பெரிம்மா, நின்னுக்கிட்டே தூங்கறீங்களா என்று சஹானா கேட்கிறாள், கையில் இருப்பது சீப்பு, திரையும் இல்லை குழாயும் இல்லை, நாகரத்னா வீட்டுக் கூடத்தில் காலை ஐந்தே முக்கால், நாகரத்னாவின் மகளுக்கு இன்று செல்போன் கம்பெனியில் முதல் நாள், பெரிம்மா கையால் பின்னிவிட வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். இறுக்கிப் பின்னுங்க பெரிம்மா, ஒரு முடிகூட வெளிய தெரியக் கூடாதாம், தொப்பி போட்டு அதுக்கு மேல இன்னொரு தொப்பியாம், ஒரு முடி உள்ள விழுந்தா அந்த லாட் மொத்தமுமே திரும்பிடும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, என்கிறாள் பெண். பூங்காவனத்தின் விரல்கள் பின்னலின் நடுவில் நின்றுவிட்டன.

இதே ஓசூர், இதே சிப்காட், அவள் ஊத்தங்கரையிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கியபோது வயது பத்தொன்பது, டி.வி. பெட்டி செய்யும் கம்பெனியில் சுருள் பிரிவு, படக்குழாய் வெளியிலிருந்து வரும், அதன் கழுத்தில் மாட்டும் செம்புக் கம்பிச் சுருளை இங்கே பெண்கள் சுற்றுவார்கள், யோக் என்று அதற்குப் பேர், அறுபத்திரண்டு பேர், நீலக் கோட்டு, மெஷினின் விர்ரென்ற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசி வீட்டிலும் எல்லோருக்கும் உரத்த குரல். கண் கூர்மை என்று பூங்காவனத்தைச் செக்கிங்கில் உட்கார்த்தினார்கள், அவள் பார்த்துப் பாஸ் என்று முத்திரை குத்தினால்தான் யோக் அடுத்த மேஜைக்குப் போகும். நாகரத்னா மூன்று வருஷம் கழித்து வந்தாள், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், அக்கா என்று முதல் நாளே கூப்பிட்டவள், டிபன் டப்பாவில் எப்போதும் இரண்டு பேருக்கு இருக்கும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள் சஹானா, மூன்று மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாகரத்னா வேலைக்குத் திரும்பியபோது அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொட்டுமே அப்படி, அவள் சுற்றிய யோக்குகளில் டேப்புக்கு அடியில் நீளமாய் ஒரு முடி, மறுநாள் இன்னொன்று, முடி இருந்தால் ரிஜெக்ட், மூன்று ரிஜெக்ட்டுக்கு ஒரு மெமோ, பூங்காவனம் யாரும் பார்க்காதபோது டேப்பைத் தூக்கி, இடுக்கியால் முடியை உருவி, வேறு டேப் ஒட்டி, பாஸ் குத்தி நகர்த்தினாள், ஒரு மாதம் இப்படியே போயிற்று, நாகரத்னாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு குழந்தையின் உதடு அழும்போதெல்லாம் நீலம் பாரித்தது, இதயத்தில் ஓட்டை என்றார்கள், ஈ.எஸ்.ஐ. கார்டில் பெங்களூரில் ஆபரேஷன் என்று எழுதிக்கொடுத்தார்கள், முறை வருவதற்கு மார்ச் ஆகும், வேலை இருந்தால்தான் கார்டு. அந்த வருஷந்தான் தாய்லாந்தோடு ஒப்பந்தம் என்ற பேச்சு கேன்டீன் வரைக்கும் வந்தது, படக்குழாய்க்குச் சுங்க வரி படிப்படியாக இறங்கி இல்லாமலே போகுமாம், யோக்கும் அங்கேயே மாட்டித்தான் குழாய் வருமாம், அப்ப நாம எதுக்கு என்று யாரோ கேட்டார்கள், ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். டிசம்பரில் மாதிரிக்கு இருபது குழாய்கள் வந்தன, வெள்ளை நுரை அட்டைக்குள் ஒவ்வொன்றும் தூங்குகிற பிள்ளை மாதிரி, மேனேஜர் சேஷகிரி அவளைக் கூப்பிட்டு, நம்ம குழாயை எப்பிடிப் பாப்பியோ அதே மாதிரி பாரு பூங்காவனம், இருபதுல ஒண்ணு போனாலும் லாட்டைத் திருப்பிடலாம், பழுது இல்லேன்னா இல்லேன்னு எழுது, என்றார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள், எதையாவது சொல்லி ரிஜெக்ட் பண்ணுடி, ஒன்னைக் கேக்க யாரு இருக்கா, உன் கண்ணுதானே சாட்சி, என்றார்கள், நாகரத்னா மட்டும் எதுவும் கேட்கவில்லை, தள்ளி நின்று தன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிய டப்பாவையே திரும்பவும் கழுவினாள்.

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, கோடுகள் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன, அவள் திருப்பவே வேண்டியதில்லை, இவ்வளவு சுத்தமான சுற்றை அவள் பார்த்ததில்லை, கோபம் வர வேண்டியதுதான், ஆனால் நல்ல வேலையைப் பார்த்தால் அவளுக்குக் கை தடவிப் பார்க்கத்தான் தோன்றும், தடவினாள். பதினேழாவது குழாயில், டேப்புக்கு அடியில், கறுப்பாக, நீளமாக ஒரு முடி. விளக்கை இழுத்துப் பார்க்கிறாள், முடிதான், பெண்பிள்ளையின் முடி, எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி குனிந்து சுற்றிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் மூன்று மாதக் குழந்தை இருக்கலாம், பால் கட்டி மார் வலிக்கலாம், யோக்கின் ஓரத்தில் அவளுடைய எண் அச்சடித்திருக்கிறது, நாற்பத்தாறு. பூங்காவனத்தின் கை தானாக இடுக்கியைத் தேடியது, எடுத்துவிட்டது, டேப்பின் முனையைத் தொட்டும்விட்டது. தொட்ட இடத்திலேயே எவ்வளவு நேரம் இருந்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, மார்ச் என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடியது, இடுக்கியைக் கீழே வைத்தாள், படிவத்தில் ரிஜெக்ட் என்று எழுதினாள், காரணம் முடி, சுற்றியவர் எண் என்ற கட்டம் ஒன்று இருந்தது, நாற்பத்தாறு என்று அதையும் நிரப்பினாள். சேஷகிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், நம்ம லைன்ல இது வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே, என்று மெதுவாகக் கேட்டார், ரிஜெக்ட் பண்ணியிருப்பேன் சார், என்றாள் அவர் முகத்தைப் பார்த்தே, அவர் கையெழுத்துப் போட்டார்.

லாட் கப்பலேறித் திரும்பிப் போயிற்று, கடிதம் போய்க் கடிதம் வந்து மறு மாதிரி வருவதற்குள் ஜூன் ஆகிவிட்டது, நடுவில் மார்ச் வந்தது, பெங்களூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாகரத்னா பூங்காவனத்தின் தோளில் தலை சாய்த்து ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்து, குழந்தை நல்லா இருக்கு, என்றார்கள், உதடு ரோஜாவாக இருந்தது. ஜூனில் வந்த இருபதையும் பூங்காவனம்தான் பார்த்தாள், திரையில் கோடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணைப் பார்த்தாள், பதின்மூன்று, எழுபது, இருபத்தெட்டு, இருபதிலும் நாற்பத்தாறு இல்லை, லீவில் இருப்பாள், வேறு பிரிவுக்கு மாறியிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், இருபதும் பாஸ் என்று எழுதினாள், பழுது எதுவும் இல்லை. ஜூலையில் சுருள் பிரிவை மூடினார்கள், அறுபத்திரண்டு பேரும் நீலக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே வந்து, போக மனசில்லாமல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு அவளும் நாகரத்னாவும் பசுமைக்குடிலில் ரோஜா பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனார்கள், அந்த ரோஜாவும் விமானமேறி வெளிநாட்டுக்குத்தான் போகிறது, இருபது வருஷம் போய்விட்டது.

முடிஞ்சுதா பெரிம்மா, பஸ் வந்துடும், என்கிறாள் சஹானா, பூங்காவனம் பின்னலைச் சுருட்டிக் கொண்டை ஊசி குத்திவிடுகிறாள், ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் வருகிறது, ஜன்னலில் கை அசைகிறது, திருப்பத்தில் மறைகிறது. தெருமுனையிலேயே நின்று பூங்காவனம் நாகரத்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பதினேழாவது குழாய், இடுக்கி, நாற்பத்தாறு, கடைசியில், உனக்கு முடியை எடுத்துட்டேன், அவளுக்கு எழுதிட்டேன் நாகு, அவ வேலை போச்சோ என்னவோ, என்றாள். நாகரத்னா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நீ எனக்கு எடுத்தது தெரியும்க்கா, நான் ஒட்டுற டேப்பை நான் அறிய மாட்டேனா, கேட்டா நீ நிறுத்திடுவியோன்னு பயந்துதான் கேக்கல, என்றாள், அப்புறம் பஸ் போன பக்கம் பார்த்து, அங்கயும் செக்கிங் இருந்திருக்கும் இல்லக்கா, அங்க ஒருத்தி அந்த முடியைப் பாத்திருப்பா, எடுக்க நேரமில்லாம, இல்லே யாரோ பக்கத்துல நின்னதால, அப்பிடியே பாஸ் குத்தி விட்டிருப்பா, என்றாள்.

இருபது வருஷத்தில் பூங்காவனத்துக்கு இது தோன்றியதே இல்லை. சுற்றுகிறவளைத்தான் நினைத்திருக்கிறாள், குழந்தையை, பாலை, மெமோவை, அவளுக்குப் பக்கத்து மேஜையில் விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கவில்லை, இப்போது அவள் தெரிகிறாள், முகம் மட்டும் தெரியவில்லை, நாளெல்லாம் கோடுகளைப் பார்த்துப் பார்த்து எரிகிற கண்ணை, சாயங்காலம் குழாயடியில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி அறைந்து கழுவுகிறாள், லாட் திரும்பி வந்த அன்றைக்கு அவளையும் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள், அவள் என்ன சொன்னாளோ. வாக்கா, இட்லி ஆறுது, என்று நாகரத்னா அவள் கையைப் பிடித்தாள், இரண்டடி நடந்து பூங்காவனம் நின்றாள், சுத்தினவளைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டா நாகு, என்றாள், மாட்டாக்கா, என்றாள் நாகரத்னா, பிடித்த கையை விடாமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.