டீச்சரம்மா வீட்டு ரூம்

ஏழு கிலோமீட்டராம்! மகளுக்கு இடம் கேட்டுப் போன கேம்பஸ் ஹாஸ்டல் ஆபீஸ்ல இருந்த ஆளு போன் மேப்பைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு. "வீடு பக்கத்துலதானே இருக்கு. ஹாஸ்டல் தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான்"னு சிங்களத்துல சொன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "மாத்தயா, உங்க போனு அந்த மலையில நடந்து பார்த்துச்சா?"ன்னு கேட்டேன். அவரு எனக்குப் பின்னால நின்ன ஆளைக் கூப்பிட்டாரு.

விசயம் இதுதான். நாங்க இருக்கிறது கல்கந்தைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன். லயத்து வரிசை வீட்டுக்கு நம்பர் இருக்கு, விலாசம் கிடையாது. எங்க எல்லாருக்கும் கடுதாசி வாறது கீழ மெயின் ரோட்டுல இருக்கிற தோட்டத்து ஆபீசுக்குத்தான். அந்த ஆபீசுல இருந்து கேம்பசுக்கு ஏழு கிலோமீட்டர், அது நெசம். ஆனா ஆபீஸ்லயா நாங்க பாய் போட்டுப் படுக்கிறோம்? அங்கிருந்து லயத்துக்கு மலை ஏறணும். மண்சரிவுல ரோடு போனதுக்குப் பிறகு பஸ்சும் மேல வாறதில்ல. ரெண்டரை மணி நேரம் நடைதான். எட்டு மணி கிளாசுக்கு ஒரு பிள்ளை எத்தனை மணிக்கு எந்திரிக்கணும், நீங்களே சொல்லுங்க.

மக பேரு தினுஷா. நான் சொல்றது வெள்ளிக்கிழமை நடந்தது. திங்கக்கிழமை அவளுக்கு கிளாஸ் தொடங்குது. அவங்க அப்பா பொன்னையா ஒரே பேச்சா சொல்லிட்டாரு: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூம் கிடைச்சாப் பாரு. இல்லாட்டி என் தம்பிகூட கொழும்புக்கு அனுப்பிரு. புடவைக் கடையில இடம் பேசி வச்சிருக்கான்." அவரு கெட்ட மனுசன் இல்ல. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். ஆனா கொழும்புக் கடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து புத்தகத்தைத் தொட்டதை நான் எங்க தோட்டத்துல பார்த்ததே இல்ல.

கேம்பஸ் ரோட்டுல போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு "போர்டிங், பெண்களுக்கு மட்டும்"னு ஒட்டியிருக்கு. மொத வீட்டுல வீட்டுக்கார நோனா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டே எந்த ஊருன்னு கேட்டாங்க. தினுஷா அடையாள அட்டையில இருக்கிற விலாசத்தைச் சொன்னா.

"அட, இந்தா இருக்கிற இடம்! வீட்டுல இருந்து வந்து போகாம உனக்கு எதுக்குப் போர்டிங்?"

கேட்டுட்டு என் மகளை மேலயும் கீழயும் பார்த்தாங்க. எவனோ பையனுக்காக ரூம் தேடுறாளோன்னு ஒரு பார்வை. நான் பதறிப்போயி, "இல்லங்க, அது ஆபீஸ் விலாசம், நாங்க மேல லயத்துல"ன்னு ஆரம்பிச்சேன். லயம்னு காதுல விழுந்ததும் "ரூம் போயிருச்சு"ன்னு உள்ள போயிட்டாங்க. ரெண்டாவது வீட்டுலயும் இதே பாட்டு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னு சொல்லுவாங்களே, அது நாங்கதான்.

"அம்மா, அடுத்த வீட்டுல நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்"னா தினுஷா.

"ஏன், என் வாய்க்கு என்ன?"

"நீங்க சண்டைக்குப் போறீங்க."

"சண்டை அவங்க போடுறாங்கடி. நான் பதில்தான் சொல்றேன்."

அடுத்தது வீடு இல்ல, கடை. ஆணி, பெயின்ட், பைப் விக்கிற முஸ்லிம் ஆளு, ஸக்கரியா நானாவோட கடை. மேல ஒரு ரூம் இருக்குன்னு வாசல்ல எழுதித் தொங்க விட்டிருந்தாரு. தனிப் படி, தனிக் குழாய், தனி டொய்லெட். வாடகையும் மத்த இடத்துல கேட்டதுல பாதிதான். நான் மனசுக்குள்ள தேங்காயே உடைச்சிட்டேன்.

"எத்தனை பேரு?"ன்னு கேட்டாரு.

"ஒரு ஆளுதான் நானா. என் மக."

"ஒரு ஆளுக்குத் தர மாட்டேன்."

"ஏன் நானா? என் பிள்ளை என்ன உங்க ரூமைத் தின்னுருவாளா?"

"இந்தாங்க, ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வந்து இப்பதான் கடையத் தொறந்தேன். உசிரை எடுக்காதீங்க. தனியா ஒரு கல்யாணம் ஆகாத கொமருப் பிள்ளையை மேல வச்சா இந்த ரோட்டு ஆக்கள் என்னை வாயில போட்டு மெல்லுவாங்க. எனக்கும் மூணு பொம்பளப் பிள்ளை இருக்கு. ரெண்டு பேரா வாங்க, தாறேன். வாடகையும் ரெண்டா உடையும். அஞ்சு மணிக்குக் கடை பூட்டுறேன், நாளைக்கு வேற ஆக்கள் வாறாங்க."

"ரெண்டாவது பிள்ளைக்கு நான் எங்க போறது? உங்க கடையில ஆணி மாதிரி நிறுத்து விக்கிறீங்களா?"

"இந்த வாய்க்கு எவனும் ரூம் தர மாட்டான்"னு முணுமுணுத்தாரு. பிறகு அவராவே கையை நீட்டி, "இந்த ரோட்டுல மேல போனா டீச்சரம்மா வீடு. தோட்டத்துப் பிள்ளைகளை எடுக்கிறவங்க. அங்க கேட்டுப் பாருங்க"ன்னாரு.

ஏறினோம். மணி மூணரை. காலையில குடிச்ச தேத்தண்ணியோட வந்தவங்க நாங்க. தினுஷா செருப்பு வாரு அறுந்துபோயி ஊக்கு குத்தி நடந்து வந்தா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கேட்டையும் கல்லால அடிக்கணும் போல இருந்துச்சு.

டீச்சரம்மா நம்ம ஆளு. தமிழ்ப் பாடசாலையில படிப்பிச்சு ரிட்டயர் ஆனவங்க. நெத்தி நெறைய திருநீறு, வாசல்ல துளசிச் செடி. கேட்டைத் தொறந்து உள்ள கூப்பிட்டு, கதிரையில உக்காரச் சொன்னாங்க. அன்னைக்குப் பூரா எங்களை உக்காருன்னு சொன்ன மொத ஆளு. அவங்க தேத்தண்ணியைக் கோப்பையில குடிச்சாங்க, லயத்து ஆளுங்கன்னு எங்களுக்கு டம்ளர்ல வந்துச்சு. அது எனக்குப் பட்டுச்சு, ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்.

"நம்ம பிள்ளைகளுக்கு நாம உதவாட்டி வேற யாரு உதவுறது?"ன்னாங்க. "வாடகை எல்லாம் வேணாம். ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு. வீட்டுப் பிள்ளை மாதிரி கூடமாட ஒத்தாசையா இருந்தாப் போதும்."

நான் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீங்க நல்லா இருக்கணும் டீச்சரம்மா"ன்னேன். இப்ப நினைச்சாலும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. ஏன்னா இந்த வீட்டுப் பிள்ளைப் பேச்சு எனக்குப் புதுசு இல்ல. பன்னெண்டு வயசுல என்னைக் கண்டியில ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பவும் இதையேதான் சொன்னாங்க. வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சுக்கிறோம், படிக்க வைக்கிறோம்னு. ஆறு வருசம் அங்க இருந்தேன், பள்ளிக்கூடத்து மதிலைக்கூடப் பார்த்ததில்ல. அப்படிப்பட்ட எனக்கே அன்னைக்கு அந்தப் பேச்சு தேனா விழுந்துச்சுன்னா, எவ்வளவு களைச்சிருக்கேன்னு பாருங்க.

தினுஷாதான் மெதுவா, "எத்தனை மணிக்கு வேலை முடியும் டீச்சர்?"னு கேட்டா.

டீச்சரம்மா சிரிச்சாங்க. "வீட்டு வேலைக்கு ஏது புள்ள மணி?"

நான் டம்ளர் ரெண்டையும் கழுவி வைக்கலாம்னு எடுத்துக்கிட்டுக் குசினிக்குப் போனேன். அங்க ஒரு பிள்ளை நின்னுகிட்டே தேங்காய் துருவிக்கிட்டு இருந்தா. அடுப்புல பெரிய பானையில சோறு கொதிக்குது. கோதுமை மா டின்னுல சாய்ச்சு பாடம் எழுதின கொப்பி ஒண்ணு விரிச்சு வச்சிருக்கு, பக்கமெல்லாம் மஞ்சள் கறை.

"இங்க வேலைக்கு இருக்கியா புள்ள?"ன்னு கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. நான் கேம்பஸ்ல படிக்கிறேன். ரெண்டாவது வருசம்."

கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சிட்டேன். பேரு நிரோஷினியாம். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டம். ஹாஸ்டல் மொத வருசத்துக்கு மட்டும்தான் குடுத்தாங்களாம், பிறகு இங்க வந்தாளாம். படிப்பு எப்படிப் போகுதுன்னு கேட்டேன். தேங்காயைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"போன தடவை ரெண்டு பாடம் போச்சு ஆன்ட்டி. காலைச் சாப்பாட்டு வேலை முடிச்சுட்டுப் போறதுக்குள்ள மொத கிளாஸ் முடிஞ்சிரும். வரவு பத்தாதுன்னு பரீட்சை எழுத விடல. அடுத்த மாசம் டீச்சரோட மகன் குடும்பம் வருது. அதுக்குத்தான் இன்னொரு ஆளு பார்க்கிறாங்க."

இன்னொரு ஆளு! அந்த ஆளு என் மக. நான் கும்பிட்டுக் குடுக்க இருந்த ஆளு.

"பிறகு ஏன்டி இங்க கிடக்கிற? வெளிய போறதுக்கு என்ன?"

"எங்க போறது ஆன்ட்டி? தனிப் பிள்ளைக்கு யாரும் ரூம் குடுக்க மாட்டேங்கிறாங்க. மஹாபொல உதவிப்பணம் வருதுதான், ஆனா முழு வாடகைக்குப் பத்தாது."

"பாதி வாடகைன்னா?"

"பாதின்னா பத்தும்."

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிருச்சு. டீச்சரம்மா மேல பாதி, என் மேல பாதி. "உன் பெட்டி எங்க?"ன்னேன். அவ முழிச்சா. "பெட்டியக் கட்டுடின்னு சொல்றேன். உங்க அம்மா நம்பரைக் குடு, போற வழியில நான் பேசுறேன். தினுஷா! இங்க வா. இந்தப் பிள்ளைக்கு உதவி செய்."

தினுஷா வந்தா. கொப்பியை ஒரு பார்வை பார்த்தா, எடுத்து மூடி கக்கத்துல வச்சுக்கிட்டா. அதுக்குள்ள டீச்சரம்மா வந்துட்டாங்க.

"என்ன இங்க கூட்டம்? நிரோஷினி, எங்க போற?"

"என்கூட வாறா"ன்னேன்.

"ஓகோ! ஐயோ பாவம்னு உள்ள விட்டா வீட்டு ஆளையே கூட்டிட்டுப் போறியா? இதுதான் தோட்டத்துப் புத்திங்கிறது! ஒரு வருசம் தின்ன சோத்துக்கு இதுதானா நன்றி?"

"பொங்கிப் போட்டது அவ, தின்னது நீங்க. யாருக்கு யாரு நன்றி சொல்றது?"

"அவங்க அம்மா என்னை நம்பி விட்டுட்டுப் போன பிள்ளை. நான் என்ன பதில் சொல்றது?"

"ரெண்டு பாடம் போச்சே, அப்ப அந்த அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னீங்களா?"

டீச்சரம்மா நிரோஷினியை முறைச்சாங்க.

"முப்பது வருசம் படிப்பிச்சிருப்பீங்க. கடைசியில ஒரு பிள்ளைப் படிப்பைக் குசினியில வச்சு அவிச்சுட்டீங்களே"ன்னேன். கண்டியில அந்த வீட்டு நோனாகிட்ட சொல்லாம விட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மூணு பேரும் எறங்கினோம். கேட்டு வரைக்கும் வசவு எங்க பின்னாலயே வந்துச்சு. நான் திரும்பிப் பார்க்கல. நடந்துகிட்டே லுணுகலையில நிரோஷினி அம்மாவுக்கு போன் போட்டேன். அந்த அம்மாவுக்குப் பாடம் போன கதையே தெரியாது. கொஞ்ச நேரம் அழுதாங்க. பிறகு, "அக்கா, உங்க மககூடயே இருக்கட்டும்"னாங்க.

ஸக்கரியா நானா கடைக் கதவைப் பாதி இழுத்துட்டாரு. எங்களைப் பார்த்ததும் விரலை நீட்டி எண்ணினாரு.

"ரெண்டு பேரு"ன்னு நானே சொன்னேன். "நிறுத்துப் பார்க்கணுமா?"

"போதும் தாயே"ன்னு சொல்லிச் சாவியைக் குடுத்தாரு. "தண்ணி மோட்டரை சும்மா ஓட விடப்படாது. ஆம்பளப் பிள்ளைகள் படி ஏறப்படாது. இவங்க அடிக்கடி வரப்படாது"ன்னு என்னைக் காட்டினாரு. அதுக்கும் பதில் வாயில வந்துச்சு. சாவி கைக்கு வந்துருச்சேன்னு முழுங்கிட்டேன்.

ரூம்ல ஒரு ஜன்னல், ரெண்டு பழைய கட்டில், பெயின்ட் வாடை. தினுஷா ஒரு கட்டில்ல விழுந்து, "கொழும்புச் சித்தப்பாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்மா"ன்னு சிரிச்சா. காலையில இருந்து அவ சிரிச்சதே இல்ல.

நிரோஷினி மட்டும் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நடுவுல நின்னா. திடீர்னு அவ முகம் வெளிறிப் போச்சு. பெட்டியைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினா.

"சோறு! ஆன்ட்டி, சோத்தை அடுப்புல விட்டுட்டு வந்துட்டேன்! ஓடிப்போயி இறக்கி வச்சிட்டு வந்துர்றேன்!"

நான் கதவுல குறுக்கால நின்னேன்.

"டீச்சரம்மாவுக்கும் ரெண்டு கை இருக்கு. அவங்க இறக்கட்டும். நீ உக்காரு."