ஜன்னல் வரை போய்த் திரும்புதல்

காலை எட்டு மணிக்கே அப்பா சவரம் செய்து, தலை வாரி, துவைத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் வேலை.

"கலைஞ்சமாதிரி இருக்கட்டும்னு நேத்தே சொன்னேனேக்கா" என்றேன், சமையலறையில், மெதுவாக.

"அழுக்காக் காட்டினா, ரெண்டு வருஷமா இவ என்ன கிழிச்சான்னு கேக்க மாட்டாங்களா தங்கச்சி?"

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. அப்பாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டோடு தங்கியிருப்பவர். அப்பாவின் அறையிலேயே மடக்குக் கட்டிலில் தூங்குகிறார். அவர் சம்பளத்தில் முக்கால் பங்கை முதியோர் நல அலுவலகம் தருகிறது. மீதியை நான் தருகிறேன். இப்படி ஒரு ஆள் இன்னும் தேவையா என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். இன்று பத்து மணிக்கு வருகிறார்.

"எந்திரிச்சு, நடந்து, திரும்பி வந்து உக்காரணும்" என்று அலுவலகத்தில் போனில் சொல்லியிருந்தார்கள். "துணையில்லாம செஞ்சுட்டார்னா வீட்டோட ஆள் கிடையாது. தினம் ரெண்டு மணி நேரம் ஒருத்தர் வந்துட்டுப் போவாங்க."

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலையில்தான் வருவேன். அக்கா இல்லையென்றால் அப்பாவை முதியோர் இல்லத்தில் விட வேண்டியதுதான்.

அப்பா நடப்பார். அதுதான் பயம். நடக்கும்போது அக்காவின் இரண்டு விரல் முதுகுச் சட்டையைத் தொட்டபடி கூடவே போகும். நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. திரும்பும்போது உடம்பு திரும்பும், இடது கால் வராது. அந்த நொடியில் அக்காவின் கை முழுதாக அவரைத் தாங்கிக்கொள்ளும். தாங்குவது அப்பாவுக்கே தெரியாது. அக்கா வருவதற்கு முன் அப்படி ஒருமுறை திரும்பி விழுந்து எலும்பு உடைந்ததில்தான் இடுப்பில் தகடு வைத்தது. இன்னொரு தடவை உடைந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நன்றாக நடந்தால் அக்கா போய்விடுவார். விழுந்தால் அப்பா எழமாட்டார். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

அப்பா முப்பது வருடம் டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைத்த அதிகாரி. ஊரில் பாதிப் பேரை ஃபெயில் பண்ணியவர். அக்கா வீல்சேர் தள்ளுவதால் அவருக்கு 'டிரைவரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்.

"பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கறீங்க டிரைவரம்மா. லைசென்ஸைப் பிடுங்கிடுவேன்" என்பார்.

"பிடுங்குங்க ஐயா. பாத்ரூமுக்கு நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க."

இன்று அந்தப் பேச்சு இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நடக்கச் சொல்வாங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க."

"முடியும்."

"முடிஞ்சா அக்காவை அனுப்பிடுவாங்கப்பா."

டெஸ்டில் தோற்றவன் சாக்குச் சொல்லும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்தார். "யார்கிட்ட கதை விடறே? தேறாதவனைத்தான் அனுப்புவாங்க." பிறகு குரல் இறங்கியது. "பக்கத்து வீட்டுக்காரரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பினாங்களே, அந்த மாதிரி."

என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான்கு முறை விளக்கினேன். நான்கு முறையும் தலையாட்டிவிட்டு, "நடந்துடுவேன்" என்றார்.

ஆய்வாளருக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார். இன்று என்ன தேதி என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துச் சரியாகச் சொன்னார். வாரக்கணக்கில் கிழிக்காத காலண்டரை அக்கா காலையில் இன்றைய தேதிவரை கிழித்திருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து உக்காருங்க சார்."

அக்கா சுவரோரமாக நின்றார், நான் சொல்லியிருந்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்பா எழுந்தார். ஆறாவது அடியில் ஜன்னல். தோள் திரும்பியது. இடது கால் அப்படியே இருந்தது.

நான் எப்போது எழுந்தேனோ தெரியாது. அவர் கக்கத்தில் என் கை இருந்தது.

"விழலையேம்மா. ஏன் பிடிச்சே?" என்றார் அப்பா.

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றார் ஆய்வாளர். "விழுந்திருப்பார்னு நான் எழுத முடியாது. நான் பாக்கலையே."

"இடுப்புல தகடு இருக்கு மேடம்."

"ஃபைல்ல இருக்கு. நான் பக்கத்துலயே நிப்பேன். நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க. உங்களைப் பாத்துப் பாத்து நடக்கறார்."

மறுத்தால் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதி உதவியை நிறுத்தலாம். படிவத்திலேயே இருந்தது. நான் வெளியே வந்தேன். அக்காவும் வந்தார். கதவைச் சாத்தினேன்.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு அடி. இரண்டு. அக்கா உதட்டுக்குள் எண்ணினார். ஐந்து. ஆறு.

சத்தம் நின்றது.

அக்காவின் கை கதவின் கைப்பிடிக்குப் போனது. அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

"விடு" என்றார் அக்கா. 'தங்கச்சி' இல்லை. 'ங்க' இல்லை.

நான் விடவில்லை. விழட்டும் என்று நினைத்தேன். வலிக்காமல், எதுவும் உடையாமல், ஆனால் விழட்டும். பெற்ற அப்பாவைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன்.

"டிரைவரம்மா" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி. "டிரைவரம்மா, வாங்களேன். காலு வரமாட்டேங்குது. பிடிச்சுக்குங்க."

என் கை தளர்ந்தது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

அப்பா ஜன்னல் திரையை முறுக்கிப் பிடித்தபடி பாதி திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஆய்வாளரின் இரண்டு கைகளும் அவரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. அக்கா உட்காரவைத்த பிறகுதான் அவை இறங்கின.

வாசலில் ஆய்வாளர் சொன்னார். "வீட்டோட ஆள் கண்டிப்பா வேணும்னு எழுதிட்டேன். அடுத்த வருஷம் வரைக்கும் கவலைப்படாதீங்க." பிறகு, "எங்க பிடிக்கறதுன்னே எனக்குத் தெரியலை" என்றார்.

நான் உள்ளே போனேன். அப்பாவின் முகம் செத்துக் கிடந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதுப்பா. அக்கா இருப்பாங்க. நீங்களும் இங்கதான்."

"பொய் சொல்லாதே. நடுவுல நிறுத்திட்டேன். நடுவுல நிறுத்தின ஒருத்தனையும் நான் பாஸ் போட்டதில்லை."

"இது வேற டெஸ்டுப்பா."

"எல்லாம் ஒரே டெஸ்டுதான்." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் கண்ணாடியைப் பையில வெச்சுடு. பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினப்ப மறந்துட்டாங்க. பேப்பர்கூடப் படிக்க முடியலையாம்."

"எங்கேயும் போகலை ஐயா" என்றார் அக்கா. "வண்டி ஓட்டறவ நான். நானே இங்கதானே நிக்கறேன்."

அப்பா சிரிக்கவில்லை. தெருவில் ஏதோ வண்டி வேகம் குறைத்தது. நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி நிற்காமல் போய்விட்டது. அவர் பிடி தளரவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன்.

"பெட்டி கட்டிட்டியா?" என்றார்.