துடக்குக் கழியும் வரை

என் கணவர் தயாபரனுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம். கொழும்பு வெள்ளவத்தைக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வயதானவர்கள் பதினான்கு பேர் சேர்ந்து பஜனை பாடுவோம். காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுபவர் அங்கே ஒரு வரி விடாமல் பாடுவார். வீட்டுக்கு வந்தும் ஓரிரு மணிநேரம் தெளிவாக இருப்பார். "ராஜி, தேத்தண்ணி ஊத்தும்" என்பார். வாரம் முழுக்க அந்த ஒரு கூப்பிடலுக்காகத்தான் நான் சீவித்தேன்.

டொரன்டோவில் அவருடைய தமையன் செத்துப்போனார். பதினொரு வருஷமாக ஒரு போன் எடுக்காத மனுஷன். இவரிடம் சொன்னேன். யார் அது என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் பஜனையை நடத்தும் சண்முகம் மாஸ்டருக்கு நானே போன் எடுத்து, எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டுக் கழிய முப்பத்தொரு நாளாகும், அதுவரை கோயிலுக்கு வரமாட்டோம் என்று சொன்னேன். போன வருஷம் துடக்கோடு பஜனைக்கு வந்த நிஷாந்தியை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பியவளும் நான்தான். சட்டம் பேசிய எனக்கு இது வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் துக்கம் விசாரிக்க எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். கதிரை போதாமல் கட்டிலிலும் இருந்தார்கள். இவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டார். ஒருவரும் தொடங்கவில்லை. ஒரு பாட்டாவது மெதுவாகப் பாடுங்கள் என்று மாஸ்டரிடம் கெஞ்சினேன்.

"துடக்கு வீட்டில சாமிப்பாட்டுப் பாடக்கூடாது அக்கா. உங்களுக்குத் தெரியாததோ?"

தெரியும். நிஷாந்திக்குச் சட்டம் சொன்னவள் நான்தானே. அவர்கள் தலைமுழுக வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் வாரம் கதவைச் சாத்திக்கொண்டு நானே பாடிப் பார்த்தேன். என் ஒற்றைக் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. ரேடியோவை நிப்பாட்டச் சொன்னார்.

முப்பத்தொன்று கழிந்து வந்த சனிக்கிழமை அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். பாடினார். ஒரு சொல்லும் தவறவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது ஓட்டோ காலிக்குப் போகும் பெருவீதியின் நெரிசலில் நின்றது. அவர் முகம் தெளிந்திருந்தது. நான் காத்திருந்தேன். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் நல்லாப் பாடினவை, என்ன? நீங்கள் எங்க இறங்கவேணும்?"

"உங்களோடதான்" என்றேன்.

சரி என்று மரியாதையாகத் தலையாட்டி, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.