மூன்றாம் எண் குப்பி

கார்த்திகை மாதம் ஒளியிழந்து கிடந்தது. பத்து நாள் பெய்த மழை ஓய்ந்தும் வானம் வெளுக்கவில்லை. முடிச்சூர்த் தெருக்களில் தேங்கிய நீர் உருக்கி ஊற்றிய ஈயம்போல் அசைவற்று நின்றது. பகலென்றும் அந்தியென்றும் பிரித்தறிய இயலாத அந்நாள்களில், மரங்களும் துக்கம் காப்பனபோல் நனைந்து நின்றன.

அந்நீரில் கால் நனைய வீடு திரும்பினாள் சாவித்ரி. மருந்தியல் கல்லூரியொன்றில் ஆசிரியை. வண்டலூர்க் குன்றடியில் தானே பறித்த பேய்மிரட்டித் தழையை நீராவியில் வடித்தெடுத்த தைலம் வலியைத் தணிக்குமா என்பதே அவளது இரண்டாண்டு ஆய்வு. வீட்டில் அவள் தமக்கை பட்டு, முதுகெலும்பில் பரவிய புற்றுநோயோடு படுத்திருந்தாள். மருத்துவர் எழுதித்தந்த மார்ஃபின் மாத்திரையை அவள் தொடவில்லை. உண்டால் நினைவு மங்கும். சிறுவயது முதல் நாள்தோறும் ஓதிவந்த பாசுரங்கள் நாவை விட்டு நழுவும் என்று அஞ்சினாள். ஆகவே மூன்று வாரமாகச் சாவித்ரி தைலம் தேய்த்து வந்தாள்.

"இன்னிக்குத் தேவலைடி" என்று பட்டு நாள்தோறும் சொன்னாள்.

ஆய்வுக்கு ஒரு நெறி உண்டு. சில குப்பிகளில் தைலம், மற்றவற்றில் அதே மணமூட்டிய வெறும் எண்ணெய். மேலே எண் மட்டும். எதில் எது என்பது சோதிப்பவருக்குத் தெரியலாகாது. விடை, உடன் பணியாற்றும் ஜெபினிடம் ஒட்டிய உறையில் இருந்தது. மூன்றாம் எண் பூசிய முதற்சில எலிகள், வலியுணர்வை அளக்கும் சூட்டுத் தட்டில் சற்றுக் கூடுதலாகப் பொறுத்து நிற்கக் கண்ட சாவித்ரி, அதுவே தைலம் என்று துணிந்து வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாள்.

இன்று கல்லூரியில் சோதனைகள் முடிந்து உறை பிரிந்தது.

"மேடம், மூணாம் நம்பர் வெறும் எண்ணெய்தான்," என்றான் ஜெபின். "மொத்தமா பார்த்தா தைலத்துக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசமே இல்ல. சாரி மேடம்."

ஈரக் காலோடு கட்டிலருகே அமர்ந்து அதைத் தமக்கையிடம் சொன்னாள் சாவித்ரி. "நான் தேய்ச்சது மருந்தே இல்லக்கா. மருந்தும் வேலை செய்யல."

பட்டு தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்: "எலி என்ன சொல்லித்து?"

"அதுக்கும் வலிச்சுதுக்கா."

"அது பொய் சொல்லலை பாரு. நான்தான் சொன்னேன். நீ ஆசையா என் மூஞ்சியைப் பார்த்துண்டே நிப்பியே, என்ன பண்றது?" சிரிக்க முயன்றாள், வலி அதையும் பறித்தது. "அந்த மாத்திரையை எடு."

"பாசுரமெல்லாம் போயிடும்னியே."

"போகட்டும். தாங்கலைடி."

சாவித்ரி மாத்திரையும் நீரும் ஏந்தி நின்றாள். பட்டு கண்மூடி, இடையிடையே மூச்சுக்காக நின்று, ஒரு பாசுரத்தை முதலடி தொடங்கி ஈற்றடி வரை ஓதினாள். ஒரு சொல்லும் பிறழவில்லை. எழ இயலாமையால் மார்பின்மேலேயே கைகூப்பித் தொழுதாள். பின்னர் மாத்திரையை விழுங்கி, தங்கையின் குனிந்த தலைமேல் கையை வைத்தாள்.

"நன்னா இருடி. இந்த வலி உன் பக்கமே வராம பெருமாள் பார்த்துக்கட்டும்."