ஈரச் சாக்கின் மடிப்பில்

"நைனா, என் டப்பா எங்க?"

சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் உச்சி வெயில். தெற்கு மலைக் காட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிப் படுத்த வினிதா அப்போதுதான் எழுந்திருந்தாள். அவள் அப்பா காத்தவராயன் வாசலில் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டப்பா?"

"வெள்ள டப்பா. உள்ள ஈர நாரு, வெதை."

"அதுவா? உங்கம்மா தொறந்து பாத்தா. 'கொயந்த இம்மாந்தூரம் தூக்கியாந்தது, பூசணம் புடிச்சிடப்போவுது'ன்னு காயப் போட்டுட்டு மார்க்கெட் போய்கீறா."

மணலில் விரித்த பழைய வலையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, ஒன்றோடொன்று ஒட்டாமல் அக்கறையாகப் பரப்பிய விதைகள், சின்னப் புன்னைக்காய் போல. வினிதா ஓடிப்போய் ஒன்றைக் கீறிப் பார்த்தாள். பருப்பு சுருங்கியிருந்தது. இன்னொன்று. அதுவும்தான்.

"காஞ்சா நல்லதுதான? நெல்லு, கருவாடு, எல்லாம் காஞ்சாதான நிக்கும்?"

"இது காஞ்சா செத்துடும் நைனா. எப்பவும் மழ பேயுற காட்டு மரம். ஊசியிலை ஜாதி. நம்ம தெக்கத்தி மலையில தானா வளர்ற ஊசியிலை மரம் இது ஒண்ணுதான்."

"சவுக்கு மாதிரியா?"

"சவுக்கு அந்த ஜாதியே இல்ல. இதுக்கு எல அகலமா இருக்கும்."

"ஊசின்ற, அகலம்ன்ற. நம்ம ஒல்லி மோகன் கணக்கா. பேரு ஒல்லி, வயிறு பானை."

வினிதா சிரிக்கவில்லை. அந்த மலையில் பெரிய மரங்கள் நின்றன; அவற்றின் பிள்ளைகளைத்தான் காணோம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. எல்லா வருஷமும் காய்ப்பதுமில்லை. இந்த வருஷம் காய்த்ததில் மிருகங்கள் தின்றது போக மிச்சத்தைப் பொறுக்கி வந்திருந்தாள். சென்னையில் அவள் வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணையின் நிழற்குடிலில் முளைக்கவைத்து, நாற்றைத் திரும்பக் காட்டுக்கே கொண்டுபோக வேண்டும். அடுத்த காய்ப்பு எப்போதோ.

"அம்மாகிட்ட சொல்லாத நைனா. அழும்."

"நீ மட்டும் இன்னா, அழுதுகினுதான கீற?"

அதற்குள் குப்பம்மா தலையில் காலிக் கூடையோடு வந்துவிட்டாள்.

"எழுந்துட்டியா கண்ணு? நாஸ்தா துன்னியா? உன் வெத நல்லா காஞ்சிச்சா?"

"காஞ்சிச்சும்மா."

குப்பம்மா கூடையை இறக்கினாள். "இன்னாயா, கொயந்த மூஞ்சி ஏன் இப்டி கீது?"

காத்தவராயனால் அடக்க முடியவில்லை. "ஈரம் போனா அது செத்துடுமாம்."

குப்பம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "நானா கொன்னேன்?"

"உனக்கு இன்னாம்மா தெரியும்? சொல்லாம தூங்குனது என் தப்பு."

பிறகு குப்பம்மா மெல்லக் கேட்டாள், "ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"இன்னும் இன்னாம்மா?"

கூடையை மூடிய ஈரச் சாக்கை இழுத்து மடிப்பைப் பிரித்தாள். உள்ளே ஒரு கை விதை.

"உன்ன கேக்காம மார்க்கெட்டுக்கு எடுத்துகினு போனேன். எம்பக்கத்துல மீன் விக்கிறாளே வேண்டா, அவ பொண்ணு துபாய்லேர்ந்து அனுப்புன சென்ட்ட தெனம் மோந்து மோந்து காட்றா. எம்பொண்ணு காட்டையே கொணாந்துகீறான்னு நானும் காட்டிட்டேன்."

வினிதா ஒன்றைக் கீறினாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கவுச்சி அடிக்குதும்மா!"

"கழுவிக்கலாம்டி."

"கழுவாத," என்றார் காத்தவராயன். "மலையில வஞ்சிரம் காய்க்கட்டும்."

நல்ல தண்ணீரில் அலசி, நாரை நனைத்து, டப்பாவில் வைத்தார்கள். டப்பாவின் ஒரு மூலைகூட நிறையவில்லை. சாயங்காலம் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்த நிறுத்தத்தில் வெயில் இன்னும் சாயவில்லை. குப்பம்மா டப்பாவை மடியில் வைத்து, முந்தானையை அதன்மேல் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூடிதான் போட்டுகீதே, அம்மா."

"இருக்கட்டும்டி. நீ பஸ் வருதா பாரு."