அண்ணி போட்ட சத்தம்

அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அவர் போனில் பேசினால் எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்பார்கள். அவ்வளவு மெல்லிய குரல். அவரை நான் தற்காப்பு வகுப்பில் சேர்த்துவிட்டபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ யாரை அடிக்கப் போறா?"

உண்மையில் அண்ணிக்கு அடிக்க வரவே இல்லை. உதைக்கப் போய்த் தானே விழுந்தார். பயிற்சியாளர் சலிக்காமல், "முதல்ல அடிவயித்துலேர்ந்து கத்துங்க" என்று அதையே பழக்கினார்.

போன வாரம் பேருந்தில் ஒருவன் கூட்டத்தைச் சாக்காக வைத்து அண்ணி மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அவர் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். அண்ணி மூச்சை இழுத்து, "தள்ளி நில்லுய்யா!" என்று போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பதறிப்போய் பிரேக் அடித்துவிட்டார். மொத்தப் பேருந்தும் அவனைத் திரும்பிப் பார்த்தது. முகம் சுண்டிப்போய், நிறுத்தம் வரும்வரைகூடக் காத்திராமல் இறங்கி ஓடினான்.

வீட்டுக்கு வந்து சொல்லும்போது அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கை நடுங்குச்சு. ஆனா வாய் நடுங்கல" என்றார்.

அண்ணன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னிடம், "ஏய், அந்த வகுப்புல நம்ம பாப்பாவையும் சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டான்.